ஒப்பாரியில் எழுந்து போனவர்கள்

வேடசந்தூர்,
ஞாயிறு, மாலை.

ஈஸ்வருக்கு மோகன்குமார் எழுதிக்கொள்வது.

நீ நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

உன் நம்பருக்குப் பல தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். ஒரு ரிங் போய்க் கட்டாகிறது. என்னை பிளாக் செய்திருக்கிறாய் என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். அவர்தான் விலாசம் கொடுத்தார். பெங்களூரில் கல்யாண ரிசப்ஷன்களில் மைக் பிடித்து, பொண்ணு மாப்பிள்ளையை ஆடவைக்கிற கம்பெனியில் சேர்ந்துவிட்டாயாம். “ஏசி ரூம்பு, நல்ல சாப்பாடு, நாடகக் கிறுக்கு ஒருவழியாத் தெளிஞ்சிருச்சுப்பா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காகிதத்தை பிளாக் செய்ய முடியாது என்பதால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

ஊர்ச் செய்தி முதலில். மழை ஏமாற்றிவிட்டது. குஜிலியம்பாறைப் பக்கம் கடலைச் செடி முழங்கால் உயரம்கூட வராமல் கருகி நிற்கிறது. எங்கள் நூல் மில்லுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. மழை பொய்த்த வருஷம்தான் அவர்களுக்கு ஆள் நிறையக் கிடைக்கும் வருஷம். ஏஜெண்டுகள் புது பைக்கில் சுற்றுகிறார்கள். கல்யாணத்துக்குப் பணம் என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை மில் கேம்ப்பில் தங்கவைப்பதற்குத் திருமணத் திட்டம் என்று பேர் வைத்திருந்ததை இப்போது திறன் பயிற்சி என்று மாற்றியிருக்கிறார்கள். பூட்டு அதேதான், கேட்டும் அதேதான்.

இனி நம் நாடகத்துக்கு வருகிறேன்.

ஆடியில் அந்தக் கல்யாண மண்டபத்தில் நடந்ததைப் பற்றி நீ குரூப்பில் எழுதிவிட்டு வெளியேறினாயே, அந்தச் செய்தியை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். “யாருக்காக நடித்தோமோ அவர்கள் முதுகைக் காட்டிவிட்டுப் போனார்கள். இனி அந்த மண்ணில் மேடை ஏறமாட்டேன்.” படித்தபோது நானும் உன் பக்கம்தான். எனக்கும் அவர்கள் மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தது. இப்போது அந்த வரியைப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு வந்தவர்களில் ஒருத்தர்கூட அதற்கு முன் மேடை நாடகம் பார்த்தது கிடையாது. எங்கள் மில் ஆம்பிளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா, திருவிழாவுக்கு ஆடல் பாடல். நான் அவர்களை எப்படிக் கூட்டிவந்தேன் என்று உனக்குச் சொல்லவில்லை. “டிராமா, டிக்கெட் கிடையாது” என்று மட்டும் சொன்னேன். கார்டிங் டிபார்ட்மெண்ட் வேலுசாமி அண்ணன், “ஏலே, குத்தாட்டம் உண்டா, இல்ல கருத்து மட்டுந்தானா?” என்று கேட்டார். கருத்து மட்டும்தான் என்றேன். “சரி விடு, பேன் இருக்குல்ல, செத்த நேரம் தூங்கிட்டு வரலாம்” என்று சொல்லித்தான் ஆட்களைத் திரட்டினார். ஷிப்ட் விட்டு வரும் மில் பஸ்ஸில் பாதிப் பேர், சைக்கிளில் பாதிப் பேர்.

நீ ஆரம்பிக்கும்முன் மைக்கில் விதிகள் சொன்னாய். போனை அணைக்க வேண்டும், விசில் கூடாது, மேடையைத் தொடக் கூடாது, முடிந்ததும் கை தட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி சொன்னாய். வேலுசாமி அண்ணன் எழுந்து, “தம்பி, நடுவுல ஒண்ணுக்குப் போலாமா, அதுக்கும் கைதட்டணுமா?” என்று கேட்டதும் மண்டபமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. உன் முகம் அப்போதே இறுகிவிட்டது. “இவனுங்கள வச்சுக்கிட்டு எப்படிடா” என்று மைக்செட் பக்கத்தில் என்னிடம் முணுமுணுத்தாய்.

ஆனால் கால் மணி நேரத்தில் என்ன ஆனார்கள் என்று ஞாபகப்படுத்திப் பார். அது எங்கள் மில்லில் செத்துப்போன கனகாவின் கதை என்று நாம் எங்கேயும் சொல்லவில்லை. பேரை மாற்றியிருந்தோம், ஊரை மாற்றியிருந்தோம். அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். காய்ச்சலோடு அந்தப் பிள்ளை மிஷின் வரிசைகளுக்கு நடுவில் ஓடும்போது, மேஸ்திரி வேஷக்காரன், “மாத்திரையப் போட்டுட்டு நில்லு” என்று சொன்னான் பார். பின்வரிசையிலிருந்து ஒருத்தன், “டேய், பாவம்டா, உக்கார விட்றா!” என்று கத்தினான். கேலி இல்லை அது. இன்னொருத்தன் எழுந்துவந்து தன் தண்ணீர் பாட்டிலை மேடை ஓரத்தில், அந்தப் பிள்ளை கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அதைப் பார்த்து நீ பல்லைக் கடித்தாய். மேடையைத் தொடாதே என்று சொல்லியும் கேட்கவில்லையே என்று உனக்குக் கோபம். நிஜத்தில் கனகா சுருண்டு விழுந்த அன்று எங்களில் யாரும் ஒரு வாய் தண்ணீர் கொண்டுபோகவில்லை, ஈஸ்வர். மிஷினை நிறுத்தினால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அவரவர் வரிசையில் நின்றோம். அந்தப் பாட்டிலை வைத்தவன் அன்று அவளுக்குப் பத்தடி தூரத்தில் நின்றவன்.

பிறகு பிணம் வந்தது. வெள்ளைத் துணிச் சுருளைப் பிணமாக வைத்திருந்தீர்கள். அப்பனாக நீ தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாய். அம்மாவாக நடித்த கீர்த்தனா தலையை விரித்துப்போட்டு, “நூலெடுக்கப் போன மக நூல்துணியில் வந்தாளே” என்று எடுத்தாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

வேலுசாமி அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் அந்த வரிசை. அதற்குப் பின்னால் அடுத்த வரிசை. ஒரு சத்தம் இல்லை. நாற்காலி இழுபடும் சத்தம்கூட இல்லை. வாசலைப் பார்த்து நடந்தார்கள். கீர்த்தனா காலி நாற்காலிகளைப் பார்த்து இன்னும் இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடியில் நிறுத்திவிட்டாள். நீ எழுந்து நின்று, “போதும், மூட்டை கட்டுங்க. இவனுங்களுக்கு ரெக்கார்டு டான்ஸ்தான் லாயக்கு” என்றாய். உன் சட்டையில் மைக் இருந்தது. நான் அதை அணைக்கவில்லை. மண்டபத்து வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அது வெளியே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

நான் வெளியே ஓடினேன். “ஏய்யா, உங்களுக்கெல்லாம் மானம் இல்லையா? அந்தப் பொம்பளப்பிள்ளை தொண்டை கிழியக் கத்துது, எந்திரிச்சு வந்துட்டீங்க!” என்று கத்தினேன். அவர்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். பீடி பற்றவைக்கவில்லை, போனைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் வெறி ஏறியது. அதற்குள் நீங்கள் சாமான்களை ஏற்றிவிட்டீர்கள். நீ வேனுக்கு வந்தபோது வாசலில் ஒரு ஆள் இரண்டு கையையும் உன்னை நோக்கி நீட்டினார். “விடுங்க” என்று தட்டிவிட்டு ஏறிக்கொண்டாய். காசு கேட்கிறார் என்று நினைத்தாயோ, கேலி செய்கிறார் என்று நினைத்தாயோ தெரியாது. அவர்தான் சின்னக்கண்ணு. கனகாவைப் பெத்தவர். அவர் நாடகத்துக்கு வந்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். வேலுசாமி அண்ணன்தான் கூட்டிவந்திருக்கிறார். வேன் போனதும் அத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்து போனார்கள்.

மில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியை வந்து எழுதுகிறேன்.

*

திங்கள், காலை. ஷிப்ட் முடித்து வந்திருக்கிறேன். நாடகத்துக்கு ஆள் திரட்டியவன் யார் என்று மேலே தெரிந்துபோய், என்னை ராத்திரி ஷிப்டுக்கே நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள். கையில் எண்ணெய் போகவில்லை, காகிதத்தில் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆவணியில் ரங்கசாமி பெரியவர் இறந்துபோனார். எங்கள் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்றே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். குஜிலியம்பாறை தாண்டி அவர் ஊர். நாங்கள் ஒரு டெம்போவில் போனோம். மாலை போட்டுவிட்டுப் பிணத்துக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஒரு ஷேர் ஆட்டோவில் அவர் பிறந்த வழிப் பெண்கள் வந்து இறங்கினார்கள். இறங்கும்போதே தலையை விரித்துப்போட்டுக்கொண்டு ஓடிவந்து, உள்ளே இருந்த பெண்களைக் கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

ஆம்பிளைகள் எழுந்தோம். வேலுசாமி அண்ணன் துண்டைக் கையில் எடுத்தார். வாசலைப் பார்த்து நடந்தோம். நானும்தான் நடந்தேன். யாரும் என்னை எழுந்திரு என்று சொல்லவில்லை. பந்தலுக்கு வந்து செருப்பை மாட்டும்போதுதான் எனக்குச் சுரீரென்றது. மாட்டாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

உனக்குத் தெரியாத வழக்கமா இது? நீயும் இந்த ஊர்க்காரன்தான். பெண்கள் ஒப்பாரி வைத்தால் ஆம்பிளைக்கு அங்கே இடமில்லை. வெளியே வந்து பந்தலில் நிற்க வேண்டும், பெத்தவன் வெளியே வரும்போது கை கொடுக்க வேண்டும். அவன் கையைத் தொடுவதுதான் துக்கம் கேட்பது. வாயால் கேட்பது கிடையாது. உன் தாத்தா செத்ததற்கு, என் மாமா செத்ததற்கு நாமே இதைச் செய்திருக்கிறோம். ஆனால் அன்று நீ நடிகனாக இருந்தாய், நான் மைக்செட்காரனாக இருந்தேன். அவர்கள் மட்டும்தான் மனுஷர்களாக இருந்தார்கள்.

வேலுசாமி அண்ணனிடம் அங்கேயே கேட்டேன். “அண்ணே, அன்னைக்கு மண்டபத்துல எந்திரிச்சு வந்தீங்களே, இதுக்குத்தானா?” என்று. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “பின்ன? அங்கயும் சாவுதான அப்பு. பொம்பளைக அழுகையில உள்ள உக்காந்து பாத்துக்கிட்டா இருப்பாக?” என்றார். அது நாடகம் அண்ணே என்றேன். “தெரியும்லே. எங்களுக்குத் தெரியாதா? அந்தத் துணிக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு தெரியும். ஆனா அந்தப் பிள்ளைக்கு யாரு துக்கம் கேட்டா? ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தானுக, நேரா சுடுகாட்டுக்குப் போனானுக, மேனேஜர் ரெண்டு பேரு நின்னு எரிச்சிட்டுப் போயிட்டானுக. நமக்கு ஒரு மணி நேரம் லீவு விட்டானா? அன்னைக்குக் கேக்காததத்தான் மண்டபத்துல கேட்டோம்” என்றார்.

அவர் சொல்லித்தான் மீதி தெரிந்தது. சுவர் ஓரமாக நின்றபோது ஒவ்வொருத்தராகப் போய்ச் சின்னக்கண்ணு கையைத் தொட்டிருக்கிறார்கள். நான் கத்திக்கொண்டிருந்தேன், எனக்குக் கண் தெரியவில்லை. மகள் செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அவளோடு வேலை பார்த்தவர்கள் முதல்முதலாக அந்த மனுஷனுக்குத் துக்கம் கேட்டது உன் நாடகத்து வாசலில்தான். அதை வாங்கிக்கொண்ட கையோடுதான் அவர் உன்னிடம் வந்தார். நீ அப்பனாக நடித்தவன். உனக்குக் கை கொடுத்தார், ஈஸ்வர். பிள்ளையைப் பறிகொடுத்தவர் பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்குக் கை கொடுத்தார்.

ஸ்பீக்கரில் நீ சொன்னது கேட்டதா என்றும் வேலுசாமி அண்ணனிடம் கேட்டேன். கேட்டதாம். கோபம் வரவில்லையா என்றேன். “பிள்ளையத் தூக்கிக் குடுத்தவன் நாலு வார்த்த பேசத்தான் செய்வான். அத யாரு மனசுல வைப்பா?” என்றார். நீ அப்போது வேஷத்தைக் கலைத்துவிட்டாய் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. ஆனாலும் கேட்கிறேன். மக்களுக்காக நாடகம் என்று நோட்டீசில் போட்டோமே, அந்த மக்கள் என்ன செய்தால் நமக்குப் பிடித்திருக்கும்? கடைசிவரை உட்கார்ந்து கை தட்டியிருந்தால் போதுமா? செத்த வீட்டில் கை தட்டச் சொன்ன முட்டாள்கள் நாம்தான்.

அங்கே, அந்தப் பந்தலிலேயே, சின்னக்கண்ணுவும் இருந்தார். ரங்கசாமி அவருக்குப் பங்காளி முறை. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, “தம்பி, அந்தச் சின்னவ என்ன ஆனா?” என்று கேட்டார். எந்தச் சின்னவள் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. நாடகத்தில் செத்தவளுக்கு ஒரு தங்கச்சி வருவாளே, அவளைக் கேட்கிறார். நாம் நிறுத்திவிட்டு வந்த இடத்துக்கு அப்புறம் அவள் காட்சி ஒன்றுதான் பாக்கி என்று உனக்கே தெரியும். ஏஜெண்ட் வந்து அக்காவுக்குப் பதிலாக அவளைக் கூப்பிடுவான். அவள் மேடையை விட்டு இறங்கிவந்து, பார்க்க வந்தவர்களுக்கு நடுவில் நின்று, “நான் போகவா?” என்று கேட்பாள். யாராவது பதில் சொல்லும்வரை நாடகம் முடியாது. விடிந்தாலும் சரி, பதில் வராமல் விளக்கை அணைக்கமாட்டேன் என்று ஒத்திகையில் நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதை அவரிடம் சொன்னேன். “யார்ட்ட கேக்கும்?” என்றார். உங்களிடம்தான், அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரிடமும்தான் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இரண்டாவது மகள் இருக்கிறாள், நாகஜோதி. பிளஸ் டூ முடித்தவள். நஷ்டஈடு கேட்டு நடந்த மனுஷனிடம், நஷ்டஈடு எதற்கு, இளையவளுக்கு வேலை தருகிறோம் என்று மில்லில் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தயவு! சின்னக்கண்ணு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி அந்தப் பிள்ள கேட்டிருந்தா, போகாத தாயின்னு நான் சொல்லியிருப்பேன் அப்பு. சபையில சொன்ன சொல்லு, அப்புறம் எவன் வந்து கூப்பிட்டாலும் மாத்த முடியாது. இப்ப வீட்டுக்குள்ள வச்சு என் மக கேக்குறா. கருகிக் கெடக்குற காட்டப் பாத்துட்டு, எனக்கு வாய் வர மாட்டேங்குது.”

அன்றே உன்னைத் தேடிப் பிடித்திருக்க வேண்டும். போனை எடுக்காதவனைத் தேடுவானேன் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். புரட்டாசியில் மில் வேன் வந்தது. நாகஜோதி ஒரு பையோடு ஏறிப் போய்விட்டாள். ஊர் ஆம்பிளைகள் நின்று பார்த்திருக்கிறார்கள். அவளும் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை.

அவள் இப்போது எங்கள் மில்லில்தான் இருக்கிறாள். அக்கா நின்ற அதே வரிசையில் நிற்கிறாள் என்று எழுதினால் உன் நாடகத்துக்கு நன்றாக இருக்கும். அதே வரிசை இல்லை. அந்தப் பழைய மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். புது மிஷின், வேகம் கூடுதல். ராத்திரியில் அதைக் கழற்றி மாட்டுகிறவன் நான். நேற்றும் பார்த்தேன். வாயைத் துணியால் கட்டியிருக்கிறாள், கண் மட்டும்தான் தெரிகிறது. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது?

கீர்த்தனாவிடம் பேசினேன். சென்னையில் ஏதோ கால் சென்டரில் இருக்கிறாள். ஒப்பாரியை நடுவில் நிறுத்தியதிலிருந்து ஒரு பாட்டும் பாடவில்லை என்கிறாள். நடந்ததைச் சொன்னேன். பிறகு, “ஈஸ்வர் வந்தா நானும் வர்றேன்” என்றாள்.

பொங்கலுக்கு நாலு நாள் கேம்ப்பை மூடுவார்கள். நாகஜோதி வீட்டுக்கு வருவாள். மண்டபத்தை இனி நமக்குத் தரமாட்டார்கள். சின்னக்கண்ணு வீட்டுக்கு முன்னால் களம் இருக்கிறது, அது போதும். மைக் வேண்டாம். கடைசிக் காட்சியை மட்டும் போடு. முதலிலிருந்து வேண்டாம். “சாவு ஒருவாட்டி நடந்தாப் போதும்லே” என்கிறார் வேலுசாமி அண்ணன். அவர்கள் எல்லோரும் வருவார்கள். இந்தத் தடவை ஒருத்தரும் எழுந்து போகமாட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கவை. சின்னக்கண்ணு பதில் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. சொன்னாலும் நாகஜோதி மில்லுக்குத் திரும்பிப் போகமாட்டாள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வயிறு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் கேட்காமல் விட்டது நம் தப்பு. அதை மட்டும் சரிசெய்யலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏசியில் தொண்டை காய்ந்துவிடும், வெந்நீர் குடி. உன் தொண்டை எங்களுக்கு வேண்டும்.

இன்னும் ஒன்று. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களிடம் யாரும் எதுவும் சொல்லி அனுப்புவது கிடையாது. அதனால்தான் அன்று உங்கள் வேன் கிளம்பியபோது எங்களில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. நாளாகிவிட்டது, துக்கம் ஆற்றியாயிற்று, இனிச் சொல்லலாம் என்கிறார்கள். எல்லோருக்குமாக நான் எழுதுகிறேன்.

போயிட்டு வா, ஈஸ்வர்.

மோகன்குமார்